ஆள் இருக்கு

அவர் பேசினால் யாருக்கும் கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இன்று அவரைப் பற்றிப் பேசுகிற கொஞ்சப் பேரும் அவருடைய சத்தத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். மாத்தளையில் ஒரு டெத் மெட்டல் குழு இருந்ததாம், அதில் பாடியவர் கிணற்றுக்குள் விழுந்த எருமைபோல் உறுமுவாராம் என்று கொழும்புப் பையன்கள் இணையத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த எருமை தேநீர்க் கடையில் போய் ஒரு பிளேன்டீ கேட்டால் கடைக்காரர் மூன்று தரம் "என்ன?" என்பார். நாலாவது தரம் இவர் பக்கத்து மேசைக் கிளாசை விரலால் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு நாள் நான் வேலை செய்யும் தம்புள்ளை வங்கிக் கிளைக்கு வந்தார். நான் குழுவை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்தவர், ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரக்கறி வியாபாரிகளோடு வரிசையில் இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, தன் முறை வந்ததும் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு அசைந்தது.

"என்ன அண்ணே?"

மறுபடியும் உதடு அசைந்தது.

"கேக்கல அண்ணே. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

பின்னால் நின்ற வெங்காய வியாபாரிக்குப் பொறுமை போய்விட்டது. அவர் குனிந்து இவருடைய வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தார். பிறகு மண்டியில் விலை கூவும் குரலில் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம வருவீங்களான்னு கேக்கிறாரு மிஸ்!"

முழு வங்கியும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கழுத்தில் தாலியோடு நான் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்காக வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கேள்வியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஞாயித்துக்கெழம வருவீங்களா. அவரைத் தெரிந்தவர்கள் அவர் வாயிலிருந்து அதிகம் கேட்ட வசனம் அதுதான். நல்ல செய்தி சொன்னாலும் கெட்ட செய்தி சொன்னாலும், கோபப்பட்டாலும் அழுதாலும், கடைசியில் அவர் கேட்பது அது ஒன்றுதான். எனக்கு வங்கியில் வேலை கிடைத்தபோது வாழ்த்தவில்லை. அதைத்தான் கேட்டார். எங்கள் ட்ரம்ஸ்காரனின் அப்பா இறந்து நாங்கள் அவனுடைய ஊரான யட்டவத்தைக்குப் போயிருந்தபோது, அழுதுகொண்டிருந்தவனின் தோளில் கையை வைத்து அங்கேயும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு "வாறேன் அண்ணே" என்றான். வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் எங்கள் பயிற்சி. இடம், அலுவிகாரையில் தம்புள்ளை ரோட்டோரமாக இருந்த ஒரு மிளகு ஸ்டோர். அதில் அவர் தராசுக்காரர். தோட்டத்துச் சனமும் கிராமத்துச் சனமும் கொண்டுவரும் மிளகை நிறுத்து, ஈரம் பார்த்து, சாக்கில் கட்டி அடுக்குவது அவர் வேலை. ஸ்டோர் முதலாளி ஒரு ஹாஜியார். எங்களோடு கிட்டார் வாசித்த தம்பி அவருடைய தங்கை மகன். அந்த உறவில்தான் இடம் கிடைத்தது. முதல் நாள் எங்கள் சத்தத்தைக் கேட்டு ஹாஜியார் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"என்ன மகன் இது? ஜின்ன வெரட்டுறீங்களா, கூப்பிடுறீங்களா?"

அடுத்த கிழமையே அவருடைய அபிப்பிராயம் மாறிவிட்டது. ஸ்டோரில் எலி குறைந்திருந்தது. பூனை வைத்தும் மருந்து வைத்தும் போகாத எலி. "நீங்க கத்துங்க மகன், நல்லாக் கத்துங்க. பாங்கு சொல்லக்க மட்டும் நிப்பாட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மதியம் ளுஹர் தொழுகைக்கும் பின்னேரம் அஸர் தொழுகைக்கும் நடுவே எங்கள் காலம் ஓடியது. சாவைப் பற்றிய பாட்டுகள் எல்லாவற்றையும் அதற்குள் பாடி முடித்துவிட வேண்டும்.

டெத் மெட்டல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டாரைக் கம்பி தொளதொளக்கும் அளவுக்குச் சுருதி இறக்கி, ட்ரம்ஸை ஆலங்கட்டி மழைபோல் அடித்து, பாடுகிறவர் பாடாமல் உறுமுவது. சொல் ஒன்றும் விளங்காது. விளங்கினால் எல்லாம் சாவு. மற்றக் குழுக்களின் சாவில் இரத்தமும் குடலும் இருக்கும். இவர் எழுதிய சாவுகளில் ஒரு வீட்டில் ஒரு கதிரை காலியாகும். வாசலில் நாய் படுத்தே இருக்கும். யாரோ ஒருவருடைய பற்தூரிகையை யாரும் எடுத்து எறியமாட்டார்கள். இதையெல்லாம் அவர் எருமைக் குரலில் உறுமுவார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிக் குதிப்பார்கள்.

அந்த உறுமலை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "தும்மல்ல" என்றார். மிளகு ஸ்டோரில் நாள் முழுக்கத் தும்மல் வரும். நிறுக்கும்போது தும்மினால் தராசு ஆடும், விற்க வந்தவர்கள் சந்தேகப்படுவார்கள். அதனால் தொண்டைக்குள்ளேயே அடக்கி அடக்கிப் பழகியதில் ஒரு நாள் அந்தச் சத்தம் வந்ததாம். அவருடைய அம்மா அது நெஞ்சுச் சளி என்று பல வருடம் ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். இவரும் மறுக்காமல் குடித்தார்.

என்னை அவர் கண்டுபிடித்தது கோயில் பாடகர் குழுவில். திருப்பலி முடிந்து நான் கிட்டாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். மூன்றாவது தரம்தான் கேட்டது. "நாலு கம்பி வாசிப்பீங்களா தங்கச்சி?" பேஸ் கிட்டாரைச் சொன்னார். அம்மாவிடம் அனுமதி கேட்க வீட்டுக்கே வந்து, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையோடு கதிரை நுனியில் உட்கார்ந்தார். அவர் போன பிறகு அம்மா சொன்னார், "பாவம், அந்தத் தம்பி பேசுறதே கேக்கமாட்டேங்குது. அவரு என்னத்தப் பெரிசா பாடிறப் போறாரு. போயிட்டு வா." அம்மா சாகும்வரை நான் ஏதோ ஜெபப் பாட்டுக் குழுவில் வாசித்ததாகத்தான் நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

அந்த வெள்ளைச் சட்டையோடுதான் அவர் மேடையும் ஏறினார். சுற்றி எல்லோரும் கறுப்பு. இவர் மட்டும் வெள்ளை. அது ஒரு கலகம் என்று ஒருவர் எழுதினார். கறுப்பில் மிளகுத் தூசி சாம்பலாகத் தெரியும், துவைத்தாலும் போகாது, அதுதான் விஷயம்.

எங்களைப் பற்றி எழுதியவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இது முடியாது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழும்பிலிருந்து ஒருவர் எங்கள் குழுவின் பரிணாம வளர்ச்சியை ஆராய்ந்தார். முதல் கட்டத்தில் அதிவேகமும் வெறியும் என்றார். இரண்டாம் கட்டத்தில் இருண்ட, மந்தமான, சவ ஊர்வல நடையாம். மூன்றாம் கட்டத்தில் மௌனமாம். நாங்கள் திட்டமிட்டு ஒவ்வொரு படியாக ஏறியதுபோல் எழுதியிருந்தார்.

உண்மை என்னவென்றால், மிளகு விலை. விலை ஏறும் என்று ஹாஜியார் விற்காமல் வைத்திருந்த காலத்தில் ஸ்டோர் முகடுவரை சாக்கு. சத்தம் முழுவதையும் சாக்கு குடித்துவிடும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். அதனால் வேகமாக வாசித்தோம். பிறகு நல்ல விலை வந்தது. ஒரே கிழமையில் லொறி லொறியாக எல்லாம் போய்விட்டது. வெறும் சிமெந்துத் தரையும் தகரக் கூரையும் மிஞ்சின. அடுத்த ஞாயிறு பழைய பாட்டை வாசித்தால் எதிரொலியில் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கூழானது. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மெதுவா வாசிப்போம். அடி திரும்பி வாறவரைக்கும் நிப்போம்."

அப்படி வந்ததுதான் இரண்டாம் கட்டம். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டுரையை மடித்து ஹாஜியாரிடம் காட்டி, "இதில ஒங்களப் பத்தித்தான் எழுதியிருக்கு" என்றார். ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிஜமாகவே வாசித்தார்.

மூன்றாம் கட்டம் சிரிக்கிற விஷயம் இல்லை.

ஹாஜியாரின் தங்கை மகன் கத்தாருக்குப் போனான். எல்லோரும்தான் போகிறார்கள். அவன் இல்லாமல் கண்டியில் ஒரு மண்டபத்தில் வாசித்தோம். அவன் தனியாக வாசிக்கிற இடம் வந்ததும் பாடிக்கொண்டே இரண்டாவது கிட்டார் வாசிக்கிற இவர், தன் கிட்டாரில் அதை வாசிப்பார் என்று நினைத்தேன். வாசிக்கத் தெரியாதவர் இல்லை. ஆனால் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ட்ரம்ஸும் நானும் மட்டும் பின்னணியை ஓட்டிக்கொண்டிருந்தோம். முன்னணி இல்லாத பின்னணி. கலியாணப் பொம்பிளை வராத கலியாண வீடுபோல் இருந்தது. சனம் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மண்டபத்து ஆளைத் திட்டியது.

"அண்ணே, வேற ஒரு ஆளப் போடுங்க. எத்தன பேர் இருக்காங்க" என்றான் மல்லி. யட்டவத்தையிலிருந்து வரும் எங்கள் ட்ரம்ஸ்காரனை எல்லோரும் மல்லி என்றுதான் கூப்பிடுவோம். சிங்களப் பையன், மல்லி என்றால் அவர்கள் பாஷையில் தம்பி. எங்களைவிட நன்றாகத் தமிழில் கோபப்படுவான்.

"ஆள் இருக்கு" என்றார் இவர்.

பஸ்ஸில் ஜன்னலோரத்தில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வோமே, அதே தொனி. ஆள் இருக்கு. இப்போது இறங்கி வடை வாங்கப் போயிருக்கிறது, வந்துவிடும்.

ஏன் இவர் இப்படி என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாராவது காணாமல் போனார்களா என்று விசாரித்தும் பார்த்தேன். இல்லை. அப்பா, அம்மா, தங்கைகள், எல்லோரும் சுகமாக இருந்தார்கள். ஸ்டோரில் சாக்குத் தைக்கிறவர் வேலையை விட்டுப் போனபோது மறுநாளே இவர்தான் புது ஆளைக் கூட்டிவந்தார். அதைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சாக்கு யாரும் தைக்கலாம் தங்கச்சி."

"கிட்டாரும் யாரும் வாசிக்கலாம்தானே அண்ணே?"

தராசுத் தட்டைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழம வருவீங்களா?" என்றார்.

மற்றக் குழுக்கள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. எங்களோடு மேடை ஏறியவர்களில் ஒரு குழு கீபோர்ட் சேர்த்தது. இன்னொன்று உறுமலைப் பாதியாக்கி மிச்சத்தை இனிமையாகப் பாட ஆரம்பித்தது. ஒரு குழுவில் ஆள் மாறி மாறி, தொடங்கியவர்களில் ஒருவரும் இல்லை. பெயர் மட்டும் அதேதான். மல்லிக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாறலன்னா இது செத்துரும் அண்ணே. இப்பவே யாரு கேக்குறா? பத்துப் பேரு. அதில ரெண்டு பேரு ஒரு பொம்பிள பேஸ் வாசிக்கிறத பாக்க வாறவன்."

"மாறட்டும்" என்றார் இவர். "வேகமா வாசிச்சம், மெதுவா வாசிச்சம். இன்னும் மாத்துவோம். ஆள் போன எடத்துல ஆளப் போடச் சொல்லாத."

பிறகு நானும் போனேன். தம்புள்ளைக்கு மாற்றம், அதோடு கலியாணம். போகவேண்டி இருந்தது, போனேன். அதில் எனக்கு இன்றும் குற்ற உணர்வு கிடையாது. அவரும் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. கலியாணத்துக்கு வந்து, ஒரு பை நிறையக் கராம்பு கொடுத்துவிட்டு, என் மாப்பிள்ளையிடமும் ஏதோ சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், என்ன கேட்டிருப்பார் என்று.

அவரும் மல்லியும் சேர்ந்து ஸ்டோரிலேயே எங்கள் பழைய பாட்டு ஒன்றைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். ஒரு நாள் மதிய இடைவேளையில், வங்கிச் சாப்பாட்டு அறையில், காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அந்தப் பாட்டின் நடுவில் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், பேஸ் மட்டும் தனியாக எட்டுச் சுற்று வரும். அந்த எட்டுச் சுற்றும் நான் போட்டது. முதல் தரம் வாசித்தபோது மல்லி "அடியே" என்று கத்திக் குச்சியைத் தூக்கி எறிந்தான். அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். பிறகு ஒன்றும் இல்லை. வெறும் ஸ்டோர். ரோட்டில் ஒரு லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம். எங்கோ ஒரு சாக்கிலிருந்து மிளகு கொட்டுகிற மெல்லிய சரசரப்பு. எட்டுச் சுற்று முடிந்ததும், அந்த ஒன்றுமில்லாததுக்குள்ளிருந்து அவருடைய உறுமல் மெதுவாக எழும்பியது.

எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணீர் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் கோபம். உயிரோடு இருக்கிற ஆளுக்குப் படம் மாட்டி ஊதுபத்தி கொளுத்தியதுபோல் இருந்தது. அங்கேயே ஃபோன் எடுத்தேன்.

"என்ன அண்ணே இது? என்னய சாகடிச்சிட்டீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு.

"கேக்கல!"

"அது ஒங்க எடம் தங்கச்சி."

"நான்தான் வரமாட்டேனே. வேற யாரையாச்சும் போட்டு வாசிங்களேன்."

"ஆள் இருக்கு" என்றார். இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது.

அன்று ஒரு கேள்வி எழும்பியது, அது பிடிக்கவும் இல்லை. இவர் எங்களை நினைத்துக்கொண்டிருக்கிறாரா, நாங்கள் விட்டுப்போன ஓட்டைகளை நினைத்துக்கொண்டிருக்கிறாரா? போனவர்கள் போன இடத்தில் நன்றாகத்தான் இருந்தோம். கத்தார்க்காரன் வீடு கட்டினான். மல்லி ஊரில் ஒரு கலியாண வீட்டுக் குழுவில் பைலா ஆட்டப் பாட்டுக்கு ட்ரம்ஸ் அடிக்கத் தொடங்கியிருந்தான். பதிவு முடிந்ததோடு அவனும் ஞாயிறுகளில் வருவதை விட்டுவிட்டான். இவர் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தொழுகைக்கும் தொழுகைக்கும் நடுவே ஸ்டோரைத் திறந்து, ஆம்ப்பைப் போட்டு, தன் பங்கை மட்டும் வாசித்துவிட்டுப் பூட்டினார். ஹாஜியார் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மகன், ஆக்கள் இல்லாம கத்துறீங்க" என்று கேட்டாராம். நிறுத்தினால் எலி வரும் என்று சொன்னாராம் இவர்.

வங்கிக்கு அவர் வந்த கதைக்கு இப்போது வருகிறேன். கொழும்பில் ஒரு பெரிய மெட்டல் நிகழ்ச்சி. அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் குழு இதுவரை நின்றிராத மேடை. ஒரு நிபந்தனை, முழுக் குழுவாக வர வேண்டும். ஆள் போதாவிட்டால் தாங்களே வாசிக்க ஆள் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். இவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. சொல்லிவிட்டு, முதலில் யட்டவத்தைக்கும் பிறகு தம்புள்ளைக்கும் பஸ் ஏறியிருக்கிறார்.

எத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் எதையாவது விரும்புவதை நான் பார்க்கிறேன் என்று நினைத்தேன். அந்த முகத்தில் அது அப்படியே தெரிந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து, வெங்காய வியாபாரி சாட்சியாக, "வாறேன் அண்ணே" என்று கத்தினேன்.

அந்த ஞாயிறு ஸ்டோரில் பாதி சாக்கு இருந்தது. மல்லி தொப்பை போட்டிருந்தான். என் பேஸ் கிட்டாரின் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. இவர் தரையைக் கூட்டி, எனக்கென்று நான் வழக்கமாக நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துவைத்திருந்தார். சிமெந்து காலுக்குக் குளிரும் என்று முன்னொரு நாள் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது.

தொடங்கினோம். கை மறக்கவில்லை. என் இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். நான் எட்டுச் சுற்றும் வாசித்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. முடிந்த இடத்தில் அவர் வந்து சேர வேண்டும். சேரவில்லை. அரைத் தாளம் பிந்தி வந்தார். மல்லி சிரித்தான். மறுபடி வாசித்தோம். மறுபடி பிந்தினார். மூன்றாவது தரம் வரவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றார், சத்தம் வரவில்லை.

"என்ன அண்ணே?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மல்லியும் நானும் கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"இத்தன நாளா அந்த எடத்துல ஒண்ணுமே இல்லாமத்தானே எடுப்பேன். மூச்சு அங்கதான் எடுக்குறது. அந்தச் சும்மா இருக்கிறதுக்குள்ளருந்துதான் சத்தம் வரும். இப்ப நீங்க வாசிக்கிறீங்க. எனக்கு எங்கருந்து எடுக்கிறதுன்னு தெரியல."

அவருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். திருடிவிட்டுப் பிடிபட்ட ஆள்போல் நின்றார். இத்தனை வருடம் ஒருவரையும் உட்காரவிடாமல் எனக்காக வைத்திருந்த இடம். நான் வந்து உட்கார்ந்தால் எனக்கே இடமில்லை. பாட்டு என்னைவிட்டு எங்கோ போய்விட்டது, அதைப் போகவிட்டது அவருக்கே தெரியவில்லை.

"பழகிரும் அண்ணே, இன்னும் நாலஞ்சு தரம் அடிப்போம்" என்றான் மல்லி.

அடித்தோம். பழகவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னார்கள், நிறுத்தினோம். பாங்கு முடிந்ததும் நான் சொன்னேன்:

"நான் வாசிக்கல. அந்த எடத்துல சும்மா நிக்கிறேன்."

"அப்ப நீங்க எதுக்கு தங்கச்சி அவ்வளவு தூரம் வரணும்?"

"நிக்கத்தான்."

கொழும்பில் நின்றேன். எங்களுக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள், எங்களில் பாதி வயது, ஆளுக்கொரு புது மாதிரி. மேடைக்குப் பின்னால் ஒருவர் மைக்கை நீட்டி, இந்த இசை இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று இவரிடம் கேட்டார். இவர் பதில் சொன்னார். மைக்குக்குக் கேட்கவில்லை. பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்று பிறகு எழுதினார்கள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "ஞாயித்துக்கெழம வாறதுக்கு ஆள் இருக்கிற வரைக்கும்" என்றார்.

அந்தப் பாட்டு வந்தது. கத்தார்க்காரனின் இடத்தை அவனுக்காக விட்டோம். பிறகு என் இடம். எல்லோரும் நிறுத்தினார்கள். நான் கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். முன்வரிசையில் ஒருவன் ஏதோ கத்தினான், பிறகு அவனும் அடங்கினான். அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சு விடுகிற சத்தம்தான் இருந்தது. அப்போது அவர் தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தார். வருடக்கணக்காக அந்த இடத்தில் திரும்பிப் பார்த்தால் தூணும் சாக்கும்தான் இருந்திருக்கும். இன்று நான் நின்றேன். என் விரல் தானாக அசைந்தது, கம்பியைத் தொடாமல். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மூச்சு எடுத்தார். சரியான இடத்தில் வந்து சேர்ந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு தனியாகவும் நான் வேறு எங்கும் நின்றதில்லை.

திரும்பி வரும்போது மாத்தளை பஸ் நிலையத்தில் பிரிந்தோம். அவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு "பாக்கிறேன் அண்ணே" என்றேன். தலையாட்டினார். நான் வரமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை.

பிறகு ஹாஜியார் காலமானார். பிள்ளைகள் ஸ்டோரை டைல்ஸ் கடையாக்கினார்கள். இவரைக் கைவிடவில்லை, லக்கலவில் அவர்களுக்கு இருந்த காணியைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். வயலும், காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனையும், யானையும். பஸ் எப்போதாவதுதான். அங்கே சிக்னல் கிடைக்கிற கல்லில் ஏறி நின்று எப்போதாவது ஃபோன் எடுப்பார், பாதி காற்றுதான் கேட்கும். சேனைக்கு யானை வந்தபோது ஒரு தரம் உறுமிப் பார்த்ததாகச் சொன்னார்.

"ஓடிருச்சா அண்ணே?"

"நின்னு கேட்டிச்சு தங்கச்சி. கேட்டுட்டு சோளத்தத் தின்னிச்சு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்த மாதிரி இருந்தது.

வயல் சேற்றில் நின்று எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டார். மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பிந்திவிட்டது. எலி. ஹாஜியார் இருந்திருந்தால் முதலில் நம்பியிருக்கமாட்டார், பிறகு அழுதிருப்பார்.

அடக்கத்துக்குக் கோயிலில் அதிகம் சனம் இல்லை. மல்லி எனக்குப் பக்கத்தில் இருந்தான். பாதர், இவரைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்கிறீர்களா என்று கேட்டார். அவருடைய தங்கைகள் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பவில்லை. எழும்பிப் பேசியிருந்தால் நன்றாகத்தான் பேசியிருப்பேன். பாதர் காத்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்க அமைதி. வாங்குப் பலகைக்குக் கீழே மல்லியின் கால் மெதுவாகத் தாளம் போடுவது எனக்குத் தெரிந்தது. எட்டுச் சுற்று. நானும் கூடவே எண்ணினேன். முடிந்த இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை நிமிர்த்தினோம். ஒன்றும் வரவில்லை. பாதர் அடுத்த செபத்தைத் தொடங்கினார்.

இப்போது மாத்தளைக்கே மாற்றம் கிடைத்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நான் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கலியாணம், பிறந்தநாள், யார் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்கிறேன். ஒரு வேலையும் இல்லை. வீட்டுக்காரர் முதலில் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். ளுஹர் முடிந்து, ரோட்டில் லொறிகள் போய், அஸருக்குப் பாங்கு சொல்லும்வரைக்கும். பிறகு எழும்பித் தேநீர் போடுவேன்.

போன மாதம் வங்கிக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். கறுப்புச் சட்டை, முள் வைத்த தோல் பட்டி, சாந்தமான முகங்கள். புதிதாகக் குழு தொடங்கியிருக்கிறார்களாம். எங்களுடைய அந்தப் பாட்டைத்தான் முதலில் பழகுகிறார்களாம். நடுவில் வருகிற அந்த அமைதியை எப்படி எண்ணுவது என்று தெரியவில்லை, ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு நீளமாக வருகிறது, வந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்கள். அங்கே ஒரு காலத்தில் ஒரு பேஸ் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம பின்னேரம் வருவீங்களா அக்கா?" என்றான் உயரமானவன்.

பதில் சொன்னேன். சத்தம் எழும்பவில்லை. அவன் கண்ணாடிக்குக் கிட்ட குனிந்து, "என்ன அக்கா?" என்றான்.

"சனிக்கெழம வாறேன் தம்பி" என்றேன். "ஞாயித்துக்கெழம ஆள் இருக்கு."